57 அடி: சிரவணபெளகொளாவின் பேருருவும் வீடியோ விளையாட்டின் எந்திர மனிதர்களும்

1979-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வெளிவந்த 'மொபைல் சூட் கன்டம்' தொடரின் முதன்மை எந்திர மனிதனுக்கு அதன் படைப்பாளிகள் வகுத்த உயரம் 18 மீட்டர். கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட பாகுபலியின் உயரம் 57 அடி, அதாவது ஏறத்தாழ 17.4 மீட்டர். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை, ஒற்றுமை தற்செயலானது. எனினும், மாபெரும் எந்திர மனிதர்களின் அளவு உண்மைக்கு ஒத்ததா என்று வீடியோ விளையாட்டு உலகில் ஓயாமல் நடக்கும் வாதத்துக்கு, மைசூருவிலிருந்து 80 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் இக்கல்லுரு ஒரு நல்ல சாட்சி.

அவ்வாதத்தில் முதலில் எழுப்பப்படுவது இயற்பியலின் தடை. ஓர் உருவத்தை எல்லாத் திசைகளிலும் பத்து மடங்கு பெருக்கினால் அதன் கால்களின் குறுக்குப் பரப்பு நூறு மடங்காகும். எடையோ ஆயிரம் மடங்காகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிடப் பத்து மடங்கு சுமையைத் தாங்கியாக வேண்டும். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் இதை விலங்கின் எலும்பைக் கொண்டு விளக்கினார். உயிரியலாளர் ஹால்டேன் 1926-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், தாம் சிறுவயதில் படப்புத்தகத்தில் கண்ட 60 அடி அரக்கர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் ஓரடி எடுத்து வைத்தாலே தொடை எலும்பு முறியும் என்று காட்டினார். (பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.) அவர் கற்பனை செய்த அரக்கனுக்கும் சிரவணபெளகொளாவின் உருவத்துக்கும் மூன்றடிதான் வேறுபாடு.

இக்கணக்கை எந்திர மனிதனுக்குப் பொருத்தினால் விளைவு வேடிக்கையாக இருக்கும். 65 கிலோ எடையுள்ள மனிதனை 18 மீட்டருக்குப் பெருக்கினால், தசையால் ஆன அவ்வுருவமே 77 டன் அளவுக்கு வரும். ஆனால் 'கன்டம்' எந்திரத்துக்கு வகுக்கப்பட்ட வெற்றெடை 43.4 டன். உலோகத்தால் ஆனதாகச் சொல்லப்படும் அது, கணக்குப்படி தண்ணீரில் மிதக்க வேண்டும். 'மெக்வாரியர்' வரிசை விளையாட்டுகளில் எந்திரங்கள் 20 டன் முதல் 100 டன் வரை எடை கொண்டவை. அவற்றுள் இணையவழியில் பலர் சேர்ந்து ஆடும் வடிவத்தில், 2016-இல் எந்திரங்களின் கன அளவை அவற்றின் எடையோடு ஒப்பிட்டு உருவங்கள் அனைத்தும் மறுஅளவு செய்யப்பட்டன. ஐந்து மடங்கு எடை கொண்ட எந்திரம், அதே பொருளால் அதே வடிவில் ஆனதெனில், உயரத்தில் ஏறத்தாழ 1.7 மடங்கு மட்டுமே இருக்கும் என்பது கனமூலக் கணக்கு. கணக்கு சரிதான், ஆட்டக்காரர்களின் மனக்குறையும் சரிதான். 20 டன் எந்திரம் பெரிய எந்திரத்தின் எடையில் ஐந்திலொரு பங்கையே பெற்றிருக்கிறது. ஆனால் எதிரியின் குறிக்கு அது காட்டும் பரப்போ அதன் பரப்பில் மூன்றிலொரு பங்கு. கனத்துக்கு நேர்மையாக இருந்தால் களத்துக்கு அநீதி நேர்கிறது.

இங்கே 'உண்மை அளவு' என்ற சொல்லாட்சியே ஆராயத்தக்கது. அது எதனோடு ஒத்திருக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது? எடையோடா, மனித உடலின் விகிதத்தோடா, பார்க்கும் கண்ணோடா? சிரவணபெளகொளாவின் அளவீட்டு வரலாறு இம்மூன்றும் ஒன்றல்ல என்பதை எண்களாலேயே காட்டுகிறது.

உயரத்தை அறிவதே முதலில் எளிதாக இருக்கவில்லை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் தரும் அளவு 70 அடி 3 அங்குலம். அக்காலத்தில் மைசூரில் படைத்தலைவராக இருந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் அளவாக வழங்குவது 60 அடி 3 அங்குலம். இரண்டிலும் அங்குலம் ஒன்றாகவே இருக்க, அடியில் மட்டும் சரியாகப் பத்து வேறுபடுவது, இவை தனித்தனி அளவீடுகள்தாமா அல்லது படியெடுப்பில் நேர்ந்த பிழையா என்ற ஐயத்தை எழுப்புகிறது. பின்னர் மைசூரின் தலைமை ஆணையராயிருந்த பவுரிங் அளக்கச் செய்தபோது 57 அடி என்று கிடைத்தது. இதற்கிடையே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவைப் புலவர் சாந்தராஜ பண்டிதர், மகாமஸ்தகாபிஷேகத்தை ஒட்டி, உறுப்பு உறுப்பாக அளவுகளை முழத்திலும் அங்குலத்திலும் வடமொழிச் செய்யுளாகவே பதிந்து வைத்தார். ஆங்கிலேயர் அடிக்கோலோடு வந்து உயரம் ஒன்றையே கேட்டனர். மைசூர்ப் புலவரோ உறுப்புகளுக்கு இடையேயுள்ள உறவைக் கேட்டார். இரண்டாவது கேள்வியே ஆழமானது.

முழமும் அங்குலமும் மனித உடலிலிருந்து எடுக்கப்பட்ட அலகுகள். இவற்றை வரையறுக்கும் பழைய நூல்களுள் முதன்மையான அர்த்தசாஸ்திரத்தின் ஏட்டுச்சுவடி மைசூரின் கீழ்த்திசை நூலகத்தில்தான் 1905-இல் அடையாளம் காணப்பட்டது; ஆர். சாமசாஸ்திரி அதை 1909-இல் பதிப்பித்தார். நடுத்தர உடல்வாகுள்ள ஆணின் நடுவிரலில் நடுக்கணுவின் அகலம் ஓர் அங்குலம். 24 அங்குலம் ஒரு முழம். நான்கு முழம் ஒரு தனுசு, அதாவது ஒரு வில். ஏறக்குறைய ஆறடி. சமண மரபு பாகுபலியின் உயரத்தை இந்த வில்லால்தான் சொல்கிறது: 525 வில். இன்றைய கணக்கில் அது 3,150 அடி; சாமுண்டி மலை மைசூரு நகரத்துக்கு மேல் எழும் உயரத்தைப் போல் மும்மடங்கு. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்னடப் புலவர் பொப்பணர் இயற்றிய கல்வெட்டு, பரதன் பௌதனபுரத்தில் அந்த அளவிலேயே ஓர் உருவம் நிறுவினான் என்றும், அது எவரும் அணுக முடியாததாகிவிட்டதால் கங்க மன்னரின் அமைச்சர் சாவுண்டராயர் விந்தியகிரியில் இதைச் செய்வித்தார் என்றும் கூறுகிறது. ஆகவே அதைச் செய்வித்தவரின் நோக்கில் இது பெரிதாக்கப்பட்ட மனிதன் அல்ல. ஏறத்தாழ ஐம்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்ட மாதிரி. அதே கல்வெட்டு, மிகு உயரமும் அழகும் ஒருங்கே வாய்ப்பது அரிது என்ற கவலையையும் வெளிப்படுத்துகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாதம் கல்லில் ஏறிவிட்டது.

1871-இல் நடந்த மகாமஸ்தகாபிஷேகத்தின்போது மைசூர் அரசின் அலுவலர்கள் உருவத்தை உறுப்பு வாரியாக அளந்தனர். அடியிலிருந்து காதின் கீழ்ப்பகுதி வரை 50 அடி. அங்கிருந்து உச்சி வரை சுமார் ஆறரை அடி. பாதத்தின் நீளம் 9 அடி. இடுப்பின் அகலம் 10 அடி. தோள்களின் அகலம் 26 அடி. நடுவிரலின் நீளம் 5 அடி 3 அங்குலம்.

இந்த அட்டவணையை மனித உடலோடு ஒப்பிட்டால் சுற்றுலாக் கையேடுகளும் சில ஆய்வு நூல்களும்கூடத் திரும்பத் திரும்பச் சொல்லும் 'குறையற்ற உடல் விகிதம்' என்ற பாராட்டு நிலைகுலைகிறது. 57 அடி என்பது 5 அடி 8 அங்குல மனிதனின் பத்து மடங்கு. அம்மனிதனின் பாதத்தைப் பத்து மடங்காக்கினால் எட்டரை அடியும் சற்று மேலும் வரும். கல்லில் 9 அடி. இடுப்பும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. ஆனால் தோள் 15 அடி வர வேண்டிய இடத்தில் 26 அடி; நடுவிரல் மூன்றடிக்கும் குறைவாக வர வேண்டிய இடத்தில் ஐந்தேகால் அடி. முழங்காலுக்குக் கீழே உருவம் குறுகித் தடித்திருப்பதை முன்னைய பார்வையாளர்களும் குறித்திருக்கின்றனர். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: அதே பட்டியலில் தொடைக்கும் பாதத்துக்கும் அரைச்சுற்றளவு தரப்பட்டிருப்பதால், அளவுநாடா சில இடங்களில் கல்லின் வளைவின்மேல் ஓடியிருக்கிறது. தோளுக்கும் அவ்வாறே நேர்ந்திருந்தால் நேர்கோட்டு அகலம் 26 அடிக்குக் குறையும். எவ்வளவு தள்ளுபடி செய்தாலும் 15 அடிக்கு இறங்காது.

சிற்ப நூல்கள் விகிதத்தை அறியாதவை அல்ல. தாள முறையில் உருவத்தின் மொத்த உயரமே அலகைத் தருகிறது: உத்தம தசதாளம் எனில் உயரத்தை 124-ஆல் வகுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு அவ்வுருவத்துக்கே உரிய அங்குலம். நவதாளம் எனில் 108. உருவம் அரை அடியானாலும் ஐம்பது அடியானாலும் முகத்துக்கும் மார்புக்கும் உள்ள உறவு மாறாது. இன்றைய கணினியில் ஒரே சொடுக்கில் முப்பரிமாண வடிவத்தைப் பெரிதாக்குவதற்கு ஒப்பானது இது. விந்தியகிரியின் சிற்பிகள் அந்தச் சொடுக்கோடு நின்றுவிடவில்லை.

காரணத்தைக் கண்ணில் தேடலாம். உருவத்திலிருந்து 40 அடி தள்ளி நிற்பவருக்கு, தரையையொட்டிய ஏழு அடி நீளம் சுமார் 10 பாகை கோணத்தில் தெரியும். உச்சியில் உள்ள அதே ஏழு அடி, 4 பாகையில் அடங்கிவிடும். தலையும் தோளும் மனித விகிதத்திலேயே இருந்தால், அடியில் நிற்பவர் காண்பது யானைக்கால்கள்மேல் ஒட்டிய ஊசித்தலை. இன்று உருவத்தைச் சூழ்ந்திருக்கும் சுற்றாலயம் ஹொய்சாளர் படைத்தலைவன் கங்கராஜனால் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக இவ்வுருவம் திறந்த மலையுச்சியில் தனித்து நின்றது. நெடுந்தொலைவிலிருந்து வருபவருக்கோ, விரிந்த தோள்களே வானத்தின்மேல் முதலில் எழுதப்படும் கோடு. அருகில் நிற்கும் கண்ணுக்கும் தொலைவில் வரும் கண்ணுக்கும் ஒரே தீர்வு பயன்பட்டிருக்கிறது. வீடியோ விளையாட்டு வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே: எந்திரத்தின் காலடியில் நிற்கும் வீரனின் கண்ணிலிருந்தும், எந்திரத்தின் முதுகுக்குப் பின்னே மிதக்கும் கேமராவிலிருந்தும், அதன் தலைக்குள் அமர்ந்த ஓட்டுநரின் இருக்கையிலிருந்தும் ஒரே உருவம் பெரிதாகத் தோன்ற வேண்டும். கடைசி நிலையில் உருவம் பெரிதாகாது, ஊர்தான் பொம்மையாகிவிடும்.

எடைக்கு வருவோம். 57 அடி உயரமுள்ள சீரான கருங்கல் தூணின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழும் சுமை ஐந்து கிலோவைக்கூட எட்டாது. நல்ல கருங்கல் நொறுங்குவதற்கு ஆயிரம் கிலோ வேண்டும். கணுக்கால் ஒடுங்கி அங்கே சுமை பன்மடங்கானாலும் ஆபத்தில்லை. ஆக ஹால்டேனின் அரக்கனை முறித்த விதி கல்லை முறிப்பதில்லை. கல்லின் எதிரி அழுத்தமன்று, வளைவு. நேராக நிற்கும்வரை பேருரு பாதுகாப்பானது. ஒரு காலைத் தூக்கிய கணமே கணுக்காலில் இழுவிசை பிறக்கும். சிற்பிகள் இவ்வுருவத்தை எங்கும் தூக்கி நிறுத்தவில்லை. மலையுச்சியின் பாறையையே செதுக்கினர். தொடைவரை எழும் புற்றும் அதிலிருந்து தலைகாட்டும் பாம்புகளும் கால்களில் சுற்றிய மாதவிக்கொடியும், அசையாது தவம் நின்ற காலத்தின் நெடுமையைச் சொல்பவை. அதே புற்று, வெட்டாமல் விடப்பட்ட தாங்குபாறையாகவும் இருக்கிறது. தொடைக்கு மேல் உருவத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. அசையாமையைப் பற்றிய கதையைத் தேர்ந்தெடுத்ததால் அசைய முடியாத பொருள் அங்கே குறையாகவில்லை. சாமுண்டி மலைப் படிகளின் இடையே 17ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் செய்வித்த நந்தி இதே சிக்கலுக்கு இன்னும் எளிய விடை: அது படுத்திருக்கிறது.

2020 டிசம்பரில் யோகோகாமாவில் 18 மீட்டர் 'கன்டம்' உண்மையாகவே அசைந்தது. அதன் எடை சுமார் 25 டன். ஆனால் அது தன் காலில் நிற்கவில்லை. பின்னாலிருந்த தாங்கி அதன் இடுப்பைப் பிடித்திருக்க, கால்கள் நடப்பதுபோல் மடங்கி நீண்டன. பத்து நூற்றாண்டு இடைவெளியில் இரு பட்டறைகளும் உருவத்தின் கீழ்ப்பாதியைத் தனியே நம்பவில்லை.

நடப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. கால் என்பதும் ஒருவகை ஊசலே. பத்து மடங்கு உயரமான உருவம் இயல்பாக நடந்தால் ஒவ்வோர் அடிவைப்பும் மூன்று மடங்குக்கு மேல் மெதுவாகும். நொடிக்கு இரண்டு அடி வைக்கும் மனிதனுக்கு எதிரே, அது ஓர் அடி வைக்க ஏறத்தாழ 1.6 நொடி எடுக்கும்; ஆனால் அந்த ஓர் அடியில் 25 அடி தூரம் கடந்துவிடும். மணிக்கு 17 கிலோமீட்டர் வேகம், பார்ப்பதற்கோ சோம்பல். சிறிய மாதிரிகளைக் கொண்டு பேருருக்களைப் படம்பிடித்தவர்கள் கேமராவை வேகமாக ஓட்டியதும் இதனால்தான்: பத்திலொரு பங்கு மாதிரிக்கு மூன்று மடங்குக்குச் சற்று மேற்பட்ட வேகம். எந்திரம் மனிதனின் வேகத்தில் கைகால் வீசும் விளையாட்டுகளில் அதன் உயரம் 18 மீட்டர் என்று எத்தனை முறை எழுதிக் காட்டினாலும், கண் அதை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வேடமிட்டு நிற்கும் ஆளாகவே எடுத்துக்கொள்ளும். ஆட்டக்காரரோ வேகத்தையே விரும்புகின்றனர். இங்கே வடிவமைப்பாளர் பக்கம் பேசுவது கடினம்; அளவைப் பற்றிய பொய்களில் இது ஒன்றே உடனடியாகப் பிடிபடுகிறது.

அளவை உணர்த்த மற்றொரு வழி, பெரிதின் அருகே சிறிதை வைப்பது. பாகுபலியின் இருபுறமும் சாமரம் ஏந்தி நிற்கும் யட்ச உருவங்கள் ஆறடி உயரத்தவை. எதிரே உள்ள மண்டபத்தில் குள்ளகாயஜ்ஜி என்னும் மூதாட்டியின் சிலை நிற்கிறது. சாவுண்டராயர் குடம் குடமாகச் சொரிந்த பால் தொடைக்குக் கீழே இறங்காமல் நின்றுவிட, அம்மூதாட்டி ஒரு காயின் கூட்டில் கொண்டுவந்த சிறிதளவு பால் பாதம்வரை நனைத்து மலையிலும் வழிந்தது என்பது ஐதிகம். அமைச்சரின் செருக்கைப் பற்றிய கதையாகவே இது சொல்லப்படுகிறது. ஆனால் அதன் உள்ளீடு முழுவதும் அளவுதான்: ஒரு காய்க்கூடு, 57 அடிக் கல். 2005-இல் ஜப்பானில் வெளியான 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' விளையாட்டு இதை நன்கு அறிந்திருந்தது. அதன் பேருருக்களின் உயரத்தை எவரும் எண்ணால் நினைவில் வைப்பதில்லை. அவற்றின் உடலில் மயிரைப் பற்றித் தொங்கி ஏறும் இளைஞனின் கை சோர்வதைத்தான் நினைவில் வைக்கின்றனர்.

உயரம் உடலிலிருந்தே வர வேண்டும் என்பதும் இல்லை. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட, கணபதி ஸ்தபதி வடித்த திருவள்ளுவர் சிலையில் பீடம் 38 அடி, உருவம் 95 அடி, மொத்தம் 133 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. மற்ற இரு பால்களின் அதிகாரங்கள் 95. அங்கே அடி என்ற அலகுக்கு ஈடாக நிற்பது அதிகாரம். மனித உடலோடு ஒப்பிட்டு அந்த உயரம் சரியா என்று கேட்பவர் நூலின் பொருளடக்கத்தைப் பார்க்கத் தவறியவர்.

பொதுவாக 57 அல்லது 58 அடி என்று இன்று சொல்லப்படும் விந்தியகிரி உருவத்தின் உச்சியை மனிதர் நெருங்குவது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மகாமஸ்தகாபிஷேகத்துக்காகச் சாரம் கட்டப்படும்போதுதான். 2018-இல் அது நடந்தது. மற்ற நாள்களில் வருபவருக்கு எட்டுவது பாதங்களும் அவற்றையொட்டிய கல்வெட்டுகளும். கன்னடத்திலும், கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்த தமிழிலும், நாகரி எழுத்தில் மராத்தியிலும் சாவுண்டராயரின் பெயர் அங்கே இருக்கிறது. மூன்று மொழிகளிலும் வினை பிறவினை: அவர் செய்யவில்லை, செய்வித்தார். செய்த சிற்பியின் பெயர் அவ்வரிகளில் இல்லை. உயரமும் இல்லை.